போர்டும் இல்லை, காயும் இல்லை

எங்கள் வீட்டு மாடியில் மூன்று பேர் வாடகைக்கு இருக்கிறார்கள். மூவருக்கும் சொந்த ஊர் சங்கரன்கோவில் பக்கம். ஒரகடத்தில் வேறு வேறு கம்பெனியில் வேலை, ஆனால் பைத்தியம் மட்டும் ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், படப்பையில் ஒரு கடை மாடியில் போய் உட்கார்ந்து ‘ரோல் பிளே’ ஆடுவார்கள். ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் அந்தக் கதைக்குள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, ‘நான் இப்படிச் செய்கிறேன்’ என்பார்கள். செய்தது பலித்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும். இதற்கென்று தடித்தடியாகப் புத்தகங்கள் இருக்கின்றன. போன வாரம் புதிதாக ஒன்று வந்ததாம். அதை ஆன்லைனில் வாங்குவதா, கடையில் வாங்குவதா என்று மாடிப்படியில் பெரிய பஞ்சாயத்து. கடைசியில் முத்துப்பாண்டி என்னிடம் வந்தான்.

“ஆன்ட்டி, நீங்க அந்த வேர்ஹவுஸ்ல எத்தனை வருசம் இருந்திய. நீங்களே சொல்லுங்க. எதுல வாங்குனா நல்லது?”

ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்பியிருக்கலாம். எனக்குத்தான் அந்தப் பழக்கம் கிடையாதே. “நாளைக்குச் சொல்றேன் போப்பா” என்று அனுப்பிவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன். கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

நான் மல்லிகா. சேரப்பணஞ்சேரிக்குக் கல்யாணமாகி வந்த புதிதில் நாற்று நட்டேன். நிலத்தில் பாதி போனதும் செல்போன் கம்பெனியில் லைனில் நின்றேன். அந்தக் கம்பெனியை மூடியதும் கொஞ்ச நாள் வீட்டில் சும்மா இருந்தேன். சும்மா இருந்தால் வீட்டுக்காரரோடு தினம் ஒரு சண்டை. அவரே பார்த்து, ‘அம்மா தாயே, எங்கேயாவது வேலைக்குப் போ’ என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஆன்லைன் கம்பெனி வேர்ஹவுஸில் பேக்கிங்கில் சேர்ந்தேன். டிரெய்னிங் என்று ஒரு வாரம் வீடியோ காட்டினார்கள். அதில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே டேப் ஒட்டுவாள். சிரித்துக்கொண்டே டேப் ஒட்டுகிற ஆளை அதற்கப்புறம் நான் பார்க்கவே இல்லை. முட்டி வலி வந்த பிறகு உட்கார்ந்து பார்க்கிற வேலை கேட்டேன். ரிட்டர்ன்ஸ் டேபிளுக்கு மாற்றினார்கள். அங்கேயே ரிட்டயர் ஆனேன்.

வாங்கியவர்கள் ‘வேண்டாம்’ என்று திருப்பி அனுப்புகிற சாமான் எல்லாம் ரிட்டர்ன்ஸ் டேபிளுக்குத்தான் வரும். பெல்ட்டில் பார்சல் வரும். ஸ்டிக்கரை ஸ்கேன் பண்ணினால் கம்ப்யூட்டர் திரையில் என்ன சாமான், யார் விற்றது, ஏன் திருப்பினார்கள் என்று எல்லாம் வரும். பிரித்துப் பார்த்து மூன்றில் ஒன்று நாங்கள் முடிவு செய்ய வேண்டும். புதுசு போலவே இருந்தால் மறுபடி விற்பனைக்கு. கொஞ்சம் அடிபட்டிருந்தால் குறைந்த விலைக்கு. உடைந்தோ, பாகம் குறைந்தோ இருந்தால் லாட். லாட் என்றால் மொத்தமாகக் கட்டி ஏலத்தில் தள்ளிவிடுவது. லாட்டுக்குப் போனால் விற்றவர் கணக்கில் ஒரு கரும்புள்ளி விழும். புள்ளி அதிகமானால் அவர் கணக்கையே மூடிவிடுவார்கள். அதற்கப்புறம் அவர் ஆன்லைனில் ஒரு குண்டூசி கூட விற்க முடியாது.

இந்த வேலையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ் சகாயராஜ் சார். நாகர்கோவில்காரர், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. எல்லாரும் அவருக்கு ‘மக்களே’தான். என்னை மட்டும் அக்கா என்பார். பெட்டியை எப்போதும் அடிப்பக்கமாகத்தான் பிரிப்பார். கேட்டதற்கு, “மேல்பக்கம் கஸ்டமர் பிரிச்சு ஒட்டுன இடம் அக்கா, அது நம்மகிட்ட நடிக்கும். அடிப்பக்கத்துக்கு நடிக்கத் தெரியாது கேட்டியளா” என்றார். பிரித்ததும் முதலில் மோந்து பார்ப்பார். மிக்ஸி என்றால் மசாலா வாடை, சட்டை என்றால் சென்ட் வாடை. கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திருப்பி அனுப்பிய பட்டுப்புடவையில் பந்தி சாம்பார் மணத்ததை நானே பார்த்திருக்கிறேன். புத்தகம் என்றால் முதுகு கீழே படும்படி மேஜையில் நிறுத்திக் கையை எடுத்துவிடுவார். படித்த புத்தகமாக இருந்தால் ஏதோ ஒரு பக்கத்தில் தானாக விரிந்துகொள்ளும். படிக்காதது விறைப்பாக நிற்கும். இத்தனையும் பார்த்த பிறகுதான் திரையைத் தொடுவார். டார்கெட் டார்கெட் என்று மேலே இருந்து எத்தனை மெயில் வந்தாலும் அந்த வரிசை மாறாது. எனக்கோ எல்லாவற்றிலும் அவசரம். முதல் மாதம் அவர்மேல் ஒரே எரிச்சலாக வந்தது. அப்புறம் எனக்கும் அதே பழக்கம் ஒட்டிக்கொண்டது. இப்போது வீட்டில் மளிகைப் பொட்டலத்தைக்கூட அடியில்தான் பிரிக்கிறேன்.

ஒரு வருடம் பண்டிகை ஆஃபர் முடிந்த வாரம். ரிட்டர்ன் மலையாகக் குவிந்திருந்தது. நீல அட்டை போட்ட ஒரு தடிப் புத்தகம் வந்தது. அட்டையில் ஒரு ஏரி, கரைமேல் ஒரு கோட்டை. விறைப்பாக நின்றது. யாரும் படிக்கவில்லை. புது வாசனை. திருப்பியதற்குக் காரணம்: ‘பாகங்கள் இல்லை. குழந்தைக்கு கேம் வாங்கினால் பாடப்புத்தகம் அனுப்பியிருக்கிறீர்கள்.’ கொஞ்ச நேரத்தில் அதே புத்தகம் இன்னொன்று வந்தது. ‘போர்டு எங்கே, காய் எங்கே? ஏமாற்று வேலை.’ மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். எங்கள் மாடிப் பிள்ளைகள் ஆடுகிற ரோல் பிளே புத்தகம்தான் அது. யாரோ அதை ‘விளையாட்டுச் சாமான்’ பிரிவில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆஃபரில் சல்லிசாகக் கிடைத்ததும், பெற்றோர் எல்லாம் தாயக்கட்டை பரமபதம் மாதிரி ஏதோ என்று நினைத்துப் பிள்ளைகளுக்கு வாங்கிவிட்டார்கள்.

விற்றவர் பெயரைப் பார்த்தேன். படப்பைக் கடை. நான் தினமும் கம்பெனி பஸ்ஸில் போகும்போது பார்க்கிற போர்டு. எங்கள் மாடிப் பிள்ளைகள் ஞாயிறு முழுக்க உட்கார்ந்து கிடக்கிற அதே கடை. உரிமையாளர் டில்லிபாபு. அவரும் ஒரு காலத்தில் லைனில் நின்ற ஆள்தானாம். பெயருக்குப் பக்கத்தில் சிவப்புப் பட்டை. ‘இறுதி எச்சரிக்கை’ என்று அதற்கு அர்த்தம். இந்தப் புத்தகங்கள் லாட்டுக்குப் போனால் அவர் கணக்கு மூடப்படும்.

அடுத்து திரை கேள்வி கேட்டது. விளையாட்டுச் சாமான் என்றால் அது கேட்கிற கேள்விகளே வேறு. போர்டு இருக்கிறதா? எஸ், நோ. காய்கள் இருக்கின்றனவா? எஸ், நோ. இரண்டில் ஒன்றை அமுக்காமல் அடுத்த பக்கத்துக்கு விடாது. நோ என்றால் நேராக லாட். போர்டு இல்லை என்பது சத்தியமான உண்மை. அந்த உண்மையை அமுக்கினால் ஒரு மனுஷனின் கடை போய்விடும்.

“இன்னா சார் இது அநியாயம்! எஸ்ஸுன்னு அமுக்கிட்டுப் போறேன்” என்றேன்.

“வேண்டாம் அக்கா. இல்லாத போர்டை இருக்குன்னு சொன்னா, நாளைக்கு கேமரா பாத்து நம்மளையே கேப்பாங்க. அதுக்கப்புறம் நீங்க எதை எஸ்ஸுன்னு அமுக்கினாலும் ஆரும் நம்ப மாட்டாங்க.”

“அப்போ நோ போட்டு அந்த ஆள் வயித்துல அடிக்கலாமா?”

“அதும் வேண்டாம்.”

“ரெண்டும் வேணாம்னா இன்னா தான் சார் பண்றது?”

அவர் புத்தகத்தை எடுத்துக்கொண்டுபோய் ஹோல்டு ரேக்கில் வைத்தார். முடிவெடுக்க முடியாத சாமானை வைக்கிற ரேக் அது. வெள்ளிக்கிழமைக்குள் காலியாக இருக்க வேண்டும். காலியாகாவிட்டால் கேள்வி இன்சார்ஜுக்குத்தான் வரும். அன்றிலிருந்து வந்த நீல அட்டை எல்லாம் அங்கே ஏறிக்கொண்டே போனது. மெயில் வர ஆரம்பித்தது. அவர் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு அடுத்த பார்சலைப் பிரிப்பார்.

எனக்கு ஒரு யோசனை இருந்தது. கடைக்கே ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் என்ன? சகாயராஜ் சார் என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். “விக்குறவங்ககிட்ட நாம பேசக் கூடாது அக்கா. இன்னைக்கு நல்லவனுக்குப் பேசினா, நாளைக்குக் கெட்டவனும் டேபிளுக்கு வந்து நிப்பான்.” சொல்வது சரிதான். சரியாக இருப்பதால்தான் கோபம் அதிகமாக வந்தது.

அந்த வாரம் ஒருநாள் முத்துப்பாண்டி தண்ணீர் மோட்டார் போடச் சொல்ல வந்தவன் வாசலிலேயே நின்றான். முகம் சரியில்லை.

“என்னப்பா, உடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் இல்ல ஆன்ட்டி. எங்க கடையை மூடிருவாவ போலருக்கு. ஆன்லைன்ல ஓடுறதாலதான் அண்ணன் அந்த மாடி ரூமுக்கு வாடகை கட்டுதாரு. அதை நிப்பாட்டிட்டா திரும்ப லைனுக்குத்தான் போணும்னு சொல்லுதாரு. எங்களுக்கு ஞாயித்துக்கெழம போக வேற எடம் எங்க இருக்கு? ரூம்ல கெடந்து போனைப் பாக்கணும், இல்லன்னா ஊரை நெனச்சு அழணும்.”

“நீங்கதான் புக்கை எல்லாம் ஆன்லைன்ல வாங்கறீங்களே. நேர்ல வாங்கினா அந்த ஆளுக்கு லாபமாச்சே.”

“அங்கயும் அவரேதான் ஆன்ட்டி விக்காரு. ஆஃபர்ல கெடச்சா கொறையுமேன்னு…” என்று தலையைச் சொறிந்தான்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிற்றெரிச்சலும் வந்தது. படப்பையில் இருக்கிற புத்தகம் ஒரகடத்துக்கு வண்டியேறி வந்து, எங்கள் பெல்ட்டில் சுற்றி, மறுபடி படப்பைக்கே போய், அதே கடையின் மேஜையில் விரிகிறது. நடுவில் எங்கள் எல்லாருக்கும் சம்பளம். அந்தச் சம்பளத்தில்தான் என் மகள் படித்தாள். அதனால் ஆன்லைன் என்றாலே பாவம் என்று பேச எனக்கு வாய் வராது. ஆனால் அன்றைக்கு, எனக்குத் தெரிந்ததைச் சொல்ல முடியாமல் மோட்டார் சுவிட்சைப் போட்டுவிட்டு உள்ளே வந்தேனே, அந்த மாதிரி மனசு கனத்து ரொம்ப நாள் ஆகியிருந்தது.

வழி ஷாலினி வாயிலிருந்து வந்தது. பேக்கிங்கில் இருந்து எங்கள் டேபிளுக்குப் புதிதாக வந்த பெண். தென்காசிப் பக்கம், பி.ஏ. இங்கிலீஷ் முடித்தவள். பேட்டரி பொம்மை ஒன்றை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடவில்லை என்று திருப்பிய சாமானை நாங்கள் ஓட்டிப் பார்க்க வேண்டும், கேமராவில் பதிவாக வேண்டும், ஓடினால் புகார் செல்லாது. அதுதான் விதி. பொம்மைக் குரங்கு தாளம் தட்டிக்கொண்டு மேஜையில் நடந்தது.

“ஏன்க்கா, இது நடக்கான்னு பாக்கோம்லா. அந்தப் புக்கை மட்டும் யாரும் விளையாடிப் பாக்கலையே?” என்றாள்.

சகாயராஜ் சார் பிரித்துக்கொண்டிருந்த பெட்டியைக் கீழே வைத்தார். கம்பெனியின் விதிப் புத்தகத்தைத் திறந்து, ‘விளையாட்டுச் சாமான்’ பகுதியை ஒரு வரி விடாமல் படித்தார். இயக்கிப் பார்த்தல்: கஸ்டமர் எப்படிப் பயன்படுத்துவாரோ அப்படியே பயன்படுத்த வேண்டும். பெட்டியில் வந்த பொருளை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். ஆடி முடிந்தால் ‘முழுமை’ என்று எழுதலாம். போர்டு கேள்வியே வராது.

“மக்களே, நாற்காலி போடுங்க. நாம விளையாடப் போறோம்.”

கேமராவுக்கு நேராக மூன்று பேர் உட்கார்ந்தோம். ஷாலினி நீல அட்டையை விரித்து மளமளவென்று படித்து, தமிழில் சொன்னாள். கதை சொல்வது அவள். நாங்கள் வேடம் எடுக்க வேண்டும். சகாயராஜ் சார் திருடன் வேடம் கேட்டார். “இத்தனை வருசமா திருட்டைப் பிடிச்சாச்சு. ஒரு நாளாவது செஞ்சு பாக்கணும்.” நான் வாள் வைத்திருக்கிற பெண்ணை எடுத்துக்கொண்டேன். பகடை மட்டும் இல்லை. புத்தகத்தில் அதற்கும் ஒரு வரி இருந்தது. பகடை ஆடுகிறவர்களே கொண்டுவர வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது ஒரு எண் கிடைத்தாலும் போதும். பகடை வேறு சாமான், வெளியில் இருந்து எடுக்கக் கூடாது என்றார் சார். எண்ணுக்கு எங்கே போவது என்று யோசித்தால், எதிரே பெல்ட்டில் பார்சல் பார்சலாக எண் போய்க்கொண்டிருக்கிறது. அடுத்து வருகிற பார்சல் ஸ்டிக்கரின் கடைசி எண். ஐந்தும் அதற்கு மேலும் வந்தால் பலிக்கும், குறைந்தால் பலிக்காது.

“நல்ல மழை. ஏரிக்கரையில ஒரு கோட்டை. நீங்க ரெண்டு பேரும் நனைஞ்சுக்கிட்டு வாசல்ல நிக்கீங்க. காவக்காரன் உள்ள விட மாட்டேங்கான். என்ன செய்யுதீங்க?” என்றாள் ஷாலினி.

“நான் பின்பக்கமா சுவரேறுதேன்” என்றார் சார். பார்சல் வந்தது. இரண்டு. வழுக்கிச் சேற்றில் விழுந்தார். பக்கத்து டேபிள் குமாரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“யோவ், மழையில பொம்பள நிக்கறா, கதவைத் தொறக்க மாட்டியா? நீ மட்டும் வூட்ல அக்கா தங்கச்சியோட பொறக்கல? தொறய்யா!” என்றேன் நான். கேமரா ஞாபகமே இல்லை. காவல்காரனையும் திட்டினேன், அந்தத் திரையையும் சேர்த்துத்தான் திட்டினேன் என்று நினைக்கிறேன். அடுத்து ஒரு குக்கர் பார்சல் வந்தது. எட்டு. காவல்காரன் கதவைத் திறந்துவிட்டான்.

அந்த வீடியோவை சார், எங்கள் முடிவுகளைச் சரிபார்க்கிற ஆடிட்டுக்கு அனுப்பினார். வெள்ளிக்கிழமை காலை ஆடிட் மேடம் வீடியோ காலில் வந்தார். நானும் ஷாலினியும் சாருக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றோம். ஹோல்டு ரேக் நீலமாக நிறைந்திருந்தது.

“சகாயராஜ், வீடியோ பாத்தேன். இது என்ன டெஸ்ட்?”

“இயக்கிப் பாத்தது மேடம். விதியில உள்ளதுதான்.”

“ஆனா எண்ணுக்கு பெல்ட்டைப் பாக்கறீங்க. கஸ்டமர் வீட்டுல பெல்ட் இருக்குமா? அப்படின்னா பகடை இல்லாதது குறைதானே?”

நியாயமான கேள்வி. சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“சமையல் புத்தகம் வித்தா கூட அரிசி குடுக்குயது இல்லையே மேடம். எண் கஸ்டமர் வீட்டுல எங்கயும் கிடைக்கும். காலண்டர்ல உண்டு, வண்டி நம்பர்ல உண்டு. இந்தப் புத்தகத்துல இருக்க வேண்டியது கதை. அது முழுசா இருக்கு. நாங்க உள்ள போயே பாத்துட்டோம்.”

மேடம் எழுதிக்கொண்டே சொன்னார். “ஓகே. முழுமைன்னே போடுங்க. ஆனா ஒவ்வொரு பிரதியையும் தனித்தனியா இதே மாதிரி டெஸ்ட் பண்ணணும். மூணு பேர், பத்து நிமிஷம், கேமரா முன்னாடி. ஒண்ணைப் பாத்துட்டு மத்ததுக்கு எழுதக் கூடாது.”

கால் முடிந்ததும் நான் சத்தமாகவே சொன்னேன், “எந்தக் கம்பெனியிலயாவது விளையாடுன்னு ஆர்டர் போட்டுகிறாங்களா?” என்று. டில்லிபாபுவின் சிவப்புப் பட்டை அடுத்த வாரம் போய்விட்டது. முத்துப்பாண்டி வந்து சந்தோஷமாகச் சொன்னான். நானும் புதிதாகக் கேட்பதுபோல, “அப்படியா” என்றேன்.

ரேக்கில் இருந்த ஒவ்வொரு பிரதியையும் ஆடினோம். ஒவ்வொரு தடவையும் முதலில் இருந்தா ஆரம்பிப்பது? விட்ட இடத்தில் இருந்து தொடர்ந்தோம். ரேக் காலியான பிறகும் எப்போதாவது ஒரு நீல அட்டை பெல்ட்டில் வரும். குமாரி தூரத்திலேயே பார்த்து, “யக்கா, கோட்டை வருது!” என்று கத்துவாள். கோட்டைக்குள் போனோம், சார் பூட்டு உடைத்தார், நான் யார் யாரையோ வெட்டினேன். கடைசியாக மதகு அறைக்கு வந்து சேர்ந்தோம். ஏரி தளும்புகிறது. ஷட்டரைத் திறக்காவிட்டால் கரை உடைந்து எல்லாரும் போக வேண்டியதுதான். திறந்தால் கரை நிற்கும், கீழே இருக்கிற ஊருக்குள் தண்ணீர் போகும். ஷாலினி புத்தகத்தில் இருப்பதைத்தான் சொன்னாள். ஆனால் எங்கள் பக்கத்தில் ஏரி, ஷட்டர் என்றால் அது வெறும் கதை இல்லை. செம்பரம்பாக்கத்து வெள்ள வருடம் ஆற்றங்கரையில் இருந்த என் அக்கா வீட்டில் சுவர்கள்தான் மிஞ்சின. அக்கா பிழைத்துக்கொண்டாள். ஆனால் அதற்கப்புறம் மழை என்றால் அவள் தூங்குவதில்லை.

“கீழ உள்ளவங்களுக்கு ஆரு சொல்லுயது?” என்றார் சார் மெதுவாக.

“நான் ஓடறேன். தண்டோரா போட்டு எல்லாரையும் மேட்டுக்கு ஏத்திட்டு வர்றேன். அதுக்குள்ள ஷட்டரைத் தொட்டீங்க, நடக்கறதே வேற” என்றேன்.

“சரிக்கா, நீங்க ஓடுதீங்க. உங்க சத்தம் ஊருக்குக் கேட்டுச்சா? அடுத்த பார்சல்” என்றாள் ஷாலினி.

பெல்ட்டைப் பார்த்தோம். பெல்ட் நின்றுவிட்டது. டீ பிரேக். அந்தப் பிரதிக்கான பத்து நிமிடம் முடிந்து, டெஸ்ட் மூடிவிட்டது. அடுத்த நீல அட்டை வந்தால்தான் தொடர முடியும்.

அது வரவே இல்லை. ஆடிட் மேடம் சொல்லி, அந்தப் புத்தகத்தை விளையாட்டுச் சாமானில் இருந்து எடுத்துப் புத்தகப் பிரிவில் போட்டுவிட்டார்கள். ‘இது புத்தகம் மட்டும்’ என்று கொட்டை எழுத்தில் எழுதியும் வைத்துவிட்டார்கள். வேண்டியவர்கள் மட்டும் வாங்கினார்கள், யாரும் திருப்பவில்லை. எல்லாருக்கும் நல்லதுதான். எனக்கு மட்டும் ஒரே எரிச்சல். வாரக்கணக்கில், மாதக்கணக்கில் மழையில் ஓடிக்கொண்டே இருந்தேன். நான் ரிட்டயர் ஆகிற நாளில் சால்வை போட்டு ஒரு ஹாட்பாக்ஸ் கொடுத்தார்கள். அடிப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தேன், புதுசுதான். பஸ்ஸில் ஏறப்போகும்போது ஷாலினி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அக்கா, அந்த ஊர்க்காரங்க அப்படியே நிக்காங்களே.”

அடுத்த மாதம் ஒரு வாரநாளில் மூவரும் படப்பையில் சேர்ந்தோம். அவர்கள் இருவருக்கும் அன்று வார விடுமுறை. இத்தனை வருடம் பஸ் ஜன்னலில் பார்த்த கடையின் படியில் முதல் தடவையாக ஏறினேன். மூன்று மேஜை, ஒரு சுவர் முழுக்கப் புத்தகம், ஓரத்தில் அனுப்பத் தயாராக ஒட்டி அடுக்கிய பார்சல்கள். பிள்ளைகள் யாரும் இல்லை. முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஆள் டேப் ஒட்டிக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை.

“வாங்கம்மா. பையனுக்கா, பேரனுக்கா?”

“எனக்குத்தான். அந்த நீல அட்டை, ஏரி போட்டது.”

டில்லிபாபு என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தார். எடுத்தவர் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“அம்மா, மொதல்லயே சொல்லிடறேன். இதுல போர்டு கீர்டு ஒண்ணும் இருக்காது, காயும் இருக்காது. வெறும் புக்குதான். பிரிச்சுப் பாத்துட்டே வாங்கிக்கோங்க. அப்பால வூட்டுக்குப் போயி ஏமாத்திட்டான்னு சொல்லக் கூடாது. ஒரு தபா இப்பிடித்தான், ஆன்லைன்ல நெறைய பேர் திருப்பி அனுப்பிட்டு, கடையே மூடற மாரி ஆயிப்போச்சு.”

“அப்புறம் இன்னா ஆச்சு?”

“தெர்லமா. திடீர்னு எல்லாம் சரியாயிடுச்சு. அந்த வேர்ஹவுஸ்ல எவனோ ஒரு புண்ணியவான் புக்கைத் தொறந்து பாத்துகீறான்.”

சகாயராஜ் சார் மின்விசிறியைப் பார்த்தார். பார்த்த சாமானைப் பற்றி வெளியே பேசக் கூடாது என்பது அவருக்கு ஞாயிறும் உண்டு, வாரநாளும் உண்டு. எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே.

“எவனோ இன்னா எவனோ? எவளோவா இருக்கக் கூடாதா?”

அவர் சிரித்துக்கொண்டே பில் போட்டார். பெரிய ஆஃபர் ஒன்றும் இல்லை. மேஜையைத் துடைத்துக் கொடுத்து, மின்விசிறியைப் போட்டு, கலர் கலராகப் பகடை நிறைந்த ஒரு டப்பாவையும் கொண்டுவந்து வைத்தார். “எவ்ளோ நேரம் வேணா ஆடுங்கமா.”

ஷாலினி மதகு அறைப் பக்கத்தைப் பிரித்தாள். நான் பகடையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். கை பழகவில்லை. சார் டப்பாவை ஓரமாக நகர்த்தினார். அவர் பார்வை சுவரோரம் அடுக்கியிருந்த பார்சல்கள்மேல் இருந்தது.

“தம்பி, அடுத்து போற பார்சல் எது? அதுல கடைசி நம்பரை மட்டும் படிங்க” என்றார்.

“இன்னாத்துக்கு சார்?”

“நீ படிப்பா” என்றேன்.

டில்லிபாபு மேலே இருந்த பார்சலைத் தூக்கி ஸ்டிக்கரைப் பார்த்தார். “ஏழு.”

“கேட்டுட்டுக்கா,” என்றாள் ஷாலினி. “உங்க சத்தம் ஊரு முழுக்கக் கேட்டுட்டு. பிள்ளைங்க, ஆடு மாடு, எல்லாம் மேட்டுக்கு ஏறிட்டு. கீழ ஒருத்தரும் இல்ல.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா முகம்தான் கண்ணுக்கு முன்னால் நின்றது. சகாயராஜ் சார் நாற்காலியை விட்டு எழுந்தார். காற்றில் இரண்டு கையாலும் பிடித்து, ஷட்டர் சக்கரத்தை மெதுவாகச் சுற்றினார்.

கீழே கொரியர் வண்டி ஹார்ன் அடித்தது. டில்லிபாபு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அந்தப் பார்சலையும் மற்றவற்றையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு படி இறங்கிப் போனார்.